மாப்ள சர்வீஸ் ஆரம்பிக்கிறாரு

வாங்க மாப்ள, வாங்க. அந்த ஸ்பீக்கர் பெட்டி மேல உக்காராதீங்க, ஒரு பக்கம் கரையான் அரிச்சிருக்கு. இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க. டீ சொல்லியாச்சு. என்ன முழிக்கிறீங்க? மாமன் ஏன் திடீர்னு வாங்க போங்கன்னு பேசுறான்னா? இனிமே நீங்க முதலாளியில்லையா, இப்பவே பழகிக்கிறேன்.

காலையில உங்கம்மா போன்ல ஒரே அழுகை. "ஏ தம்பி, இவன் மாசம் 85,000 சம்பளத்தைத் தூக்கி எறிஞ்சுட்டு என்னமோ சர்வீஸ் தொடங்கப் போறானாம்டா, நீயாச்சும் ஒரு வார்த்தை சொல்லு"ன்னுச்சு. நான் என்னத்தச் சொல்ல? திருமங்கலத்துல மைக் செட்டு வாடகைக்கு விடுறவன். அடுத்தவன் பேச்சைக் கூட்டிக் குறைக்கத்தான் தெரியும். இருந்தாலும் கூடப் பிறந்த அக்கா சொல்லிருச்சு. அதுக்காக ரெண்டு வார்த்தை.

லேப்டாப்பை வேற திறக்குறியா? திற, திற. முதல் பக்கத்துல ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் கையைக் கோத்துக்கிட்டுச் சிரிக்கிறாக. இவுக எந்த ஊரு, மேலமாசி வீதியா? சரி, கோவிச்சுக்காத. விவரத்தைச் சொல்லு.

பிள்ளைக அமெரிக்காவுலயும் சிங்கப்பூர்லயும் இருக்க, மதுரையில தனியாக் கிடக்கிற பெத்தவங்களைப் பாத்துக்கணும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், பேங்க்ல கேஒய்சி குடுக்கணும், கரண்டு பில் கட்டணும், நவம்பர் வந்தா பென்ஷன்காரங்க 'நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன்'னு குடுக்கிற சான்றிதழுக்கு விரல் ரேகை வைக்கக் கூட நிக்கணும். வீட்டுக்கு மாசம் 3,000. முதல் வருஷம் 30 வீடு. அப்படித்தான? நல்ல யோசனைடா. கிண்டல் இல்ல, நெசமாவே சொல்றேன். இப்பல்லாம் வீட்டுக்கு வீடு கேமரா மாட்டியிருக்கான். அந்தக் கிழவனுக்கு எதிர்ல உக்காந்து பேசத்தான் ஆள் இல்ல.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். உங்கப்பாவை நீ கடைசியா எப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன? போன வருஷம் அவருக்குச் சர்க்கரை ஏறிக் கால் வீங்கினப்ப, என் டிவிஎஸ் ஃபிப்டில பின்னாடி உக்கார வச்சு நான்தான் கொண்டு போனேன். நீ சென்னையிலருந்து வீடியோ கால்ல வந்து டாக்டருக்கு வணக்கம் வச்ச. ஆக, உன் கம்பெனியோட முதல் சர்வீஸை நான் செஞ்சு முடிச்சுட்டேன். பில்லுதான் இன்னும் அனுப்பல.

'சர்வீஸ்'ங்கிறியே, தலைக்கு மேல போர்டைப் பாரு. 1984-ல எழுதுனது. 'சவுண்ட் சர்வீஸ்'னு எழுதச் சொன்னா, அந்த ஆர்ட்டிஸ்ட் ஒரு புள்ளியை விட்டுட்டு 'சவுண்ட் சரவீஸ்'னு எழுதிட்டாரு. 40 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏணியைப் போட்டு ஏறி அந்த ஒரு புள்ளியை வைக்க எனக்கு நேரம் வாய்க்கல. ஊர்க் கம்பத்துல எல்லாம் ஏறியிருக்கேன், என் கடை ஏணியில ஏறல. சர்வீஸ்னா என்னன்னு கேட்டா நான் இந்தப் போர்டைத்தான் காட்டுவேன்.

அதுசரி, நீ இப்ப பாக்குற வேலையும் சர்வீஸ்தானப்பா? ஐடி சர்வீஸ்னுதான உங்க ஆளுங்க சொல்லிக்கிறாங்க. அமெரிக்காக்காரன் பேங்குக்கு இங்கருந்து ராத்திரி கண்ணு முழிச்சு எடுபிடி வேலை பாக்குற. ஒரு வித்தியாசம்தான். வேலை இல்லாம உக்காந்திருந்தா உங்க ஆபீஸ்ல அதுக்கு 'பெஞ்ச்'னு பேரு, சம்பளம் உண்டு. எங்க தொழில்ல உக்காந்திருந்தா அதுக்குப் பேரு பட்டினி. இப்ப உனக்கு ஒரு மேனேஜர். அவன்கிட்டப் பேச முடியலன்னுதான விடுற? நாளைக்கு 30 மேனேஜர். எல்லாருக்கும் 70 வயசுக்கு மேல. பாதிப் பேருக்குக் காது கேக்காது. மீதிப் பேர் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர்.

அடுத்த பக்கம். 'ஸ்கேலபிள்'னு போட்டிருக்க. அப்படின்னா? ஒரு ஆள் செய்யுறதை நாளைக்கு நூறு ஆளை வச்சுச் செய்யலாம்ங்கிறியா? சரி, அந்த முதல் ஆள் யாரு? எதுக்கு விட்டத்தைப் பாக்குற? ரெண்டு பையங்களைச் சம்பளத்துக்குப் போடுவியா, போடு. நானும் போட்டேன்.

2008-ல கப்பலூர் பக்கம் ஒரு கல்யாணம். ஆறரை மணிக்கு முகூர்த்தம். நாலு மணிக்கு வரவேண்டிய ஆபரேட்டரைக் காணோம், போன் ஸ்விட்ச் ஆஃப். எனக்கு அப்ப 51 வயசு. ரெண்டு குழா ஸ்பீக்கரையும் தோள்ல போட்டுக்கிட்டு வேப்பமரத்துல ஏறுனேன். கவட்டைக்குப் பக்கத்துல கட்டெறும்புப் புத்து. ஒரு கையில ஒயரு, ஒரு கையில கிளை. எறும்பு வேட்டிக்குள்ள போகுது, தட்டிவிடக் கை இல்ல. கீழருந்து பொண்ணோட பெரியப்பன் கத்துறாரு: "என்ன மைக்செட்டு, மரத்துல ஆடிக்கிட்டு இருக்கீரு? சத்தம் பத்தல!" ஆபரேட்டர் எங்கன்னு எவனாச்சும் கேட்டானா? அவன் லீவு போட்டா அன்னைக்கு மரம் ஏறுறவன் நான். மறுநாள் அந்தப் பய வந்து, பெரியம்மா எழவுன்னான். அதே பெரியம்மாவுக்கு அது மூணாவது எழவு.

இப்ப நீ சொல்லு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கிழவி குளியலறையில வழுக்கி விழுந்துருது. உன் பையன் போன் ஸ்விட்ச் ஆஃப். டெக்சாஸ்ல இருக்கிற மகன் உன் நம்பருக்கு விடாம அடிக்கிறான். அந்தப் படத்துல சிரிக்கிற வெள்ளைக்காரனா போவான்? நீதான் போகணும், கைலியோட.

கணக்குப் பக்கத்தைக் காட்டு. 30 வீடு, வீட்டுக்கு 3,000, ஆக 90,000. சம்பளத்தை விட 5,000 கூட. பாத்துக்கிட்டே இருந்தா வயிறு நிறையுது. இந்தப் பென்சிலைக் கொண்டா. ரெண்டு பையங்களுக்கு ஆளுக்கு 15,000 வீதம் 30,000 போச்சு. பெட்ரோலு, போனு, கிழவருக்கு வாங்கிக் குடுத்துட்டு நீ கேக்க வெக்கப்பட்டு விட்ட இளநி, எல்லாம் சேத்து 10,000. அஞ்சு வீட்டுக்காரன் 'அடுத்த மாசம் சேத்துத் தர்றேன்'பான், அதுல 15,000. மிச்சம் 35,000. இன்னொண்ணு, இந்த 30 வீடு வருஷம் பூரா 30-ஆவே இருக்குமா? வாடிக்கையாளர் கழண்டு போறதுக்கு உங்க ஆபீஸ்ல என்ன பேரு? 'சர்ன்'னா? நீ எடுத்திருக்கிற தொழில்ல அதுக்கு எழவுன்னு பேரு மாப்ள. மாலை வாங்கிட்டுப் போகணும். அந்தச் செலவையும் இங்கன எழுதிக்க.

சிரிக்கிற. சிரி. ஒரு விஷயம் சொல்றேன், இதுக்குச் சிரிக்க மாட்ட.

டவுனுக்குள்ள ஒரு வாத்தியார் இருக்காரு. 80 வயசு இருக்கும். சம்சாரம் தவறிருச்சு. மகன் வெளிநாடு. வீட்ல ஒரு பழைய மர்ஃபி ரேடியோ. மாசத்துக்கு ஒருக்கா போன் போடுவாரு, "ரேடியோ கரகரங்குது, வந்து பாத்துட்டுப் போப்பா"ன்னு. முதல் தடவை ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கிட்டுப் போனேன். பின்பக்கம் திறந்தேன். எல்லாம் சரியா இருக்கு. வாய்வச்சு ஊதித் தூசியைத் தட்டி மூடிட்டேன். அதுக்குள்ள அவரு காபி போட்டுட்டாரு, சீனி கொஞ்சம் கூடத்தான். மகன் சின்ன வயசுல ஸ்கூல் நாடகத்துல கட்டபொம்மனா நடிச்ச கதையச் சொன்னாரு. எங்க மைக்குதான் அன்னைக்கு. பாதி வசனத்துல மைக்கு செத்துப் போச்சாம், பையன் மைக்கு இல்லாமலே முழங்கித் தள்ளிட்டானாம். ஒரு மணி நேரம் ஆச்சு. கிளம்புறப்ப 200 ரூபா குடுத்தாரு. வேணாம்னேன், விடல. அடுத்த மாசமும் ரேடியோ கரகரன்னுச்சு. அதே காபி, அதே கட்டபொம்மன். ஏழு வருஷமாப் போறேன். அந்த ரேடியோவுக்கு இதுவரைக்கும் ஒரு கோளாறும் கிடையாது.

உன் படத்துல 'ஒரு விசிட் 45 நிமிஷம்'னு போட்டிருக்க பாரு, அந்த இடத்துலதான் நீ மாட்டப் போற. 45 நிமிஷத்துல கட்டபொம்மன் ஜாக்சன் துரைகிட்டயே போயிருக்க மாட்டான். நீ வாட்ச்சைப் பாக்குறதை அவரு பாத்துட்டாருன்னு வையி, அடுத்த மாசம் உன்னைக் கூப்பிட மாட்டாரு. கோவமாச் சொல்ல மாட்டாரு. "ஒண்ணும் வேலை இல்ல தம்பி"ம்பாரு. ஏன் போச்சுன்னு உனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

பாக்கி வசூலுக்கு வருவோம். கல்யாண வீட்ல அட்வான்ஸ் சிரிச்சுக்கிட்டே குடுப்பான். மிச்சத்தைத் தாலி கட்டுறதுக்கு முன்னாடி வாங்கிரணும். இது நான் 16 தடவை ஏமாந்து கண்டுபிடிச்சது. தாலி ஏறுனதும் பணம் வச்சிருந்த சித்தப்பன் பந்தி விசாரிக்கப் போயிருவான், அப்புறம் அவனைப் பாக்குறது வளைகாப்புலதான். நீ கணக்கை லேப்டாப்புல வச்சிருக்க, வசூலை வாயில வச்சிருக்கணும். "சார், போன மாசத்தது"ன்னு கேக்குறப்ப நாக்கு ஒட்டுச்சுன்னா சம்பளமே உத்தமம்.

சட்டம் இருக்குங்கிறியா? இருக்கு, எனக்கும் தெரியும். சிறு தொழில்காரனுக்கு வாங்கினவன் 45 நாளுக்குள்ள குடுக்கணும். எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள். தாண்டுனா பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டி. 2006-ம் வருஷத்துச் சட்டம். உத்யம்னு ஒரு பதிவு போடணும், ஆன்லைன்ல இலவசம். அதுக்கும் 2,000 கேக்குறவன் ஒருத்தன் உனக்குப் போன் பண்ணுவான், ஏமாறாத. பெரிய ஆஸ்பத்திரியோ கம்பெனியோ பாக்கி வச்சா இந்தச் சட்டம் பேசும். செத்துப்போன கிழவரோட மகன்கிட்ட 16-ம் நாள் காரியத்துல போயி கூட்டு வட்டி கேப்பியா? ஜிஎஸ்டிலயும் ஒரு வேடிக்கை இருக்கு. பொருள் விக்கிறவனுக்கு வருஷம் 40 லட்சம் தாண்டுனா பதிவு. நம்மளை மாதிரி ஒடம்பை வித்துப் பொழைக்கிறவனுக்கு 20 லட்சத்துலயே பிடிச்சுக்குவான். 30 வீட்டுக்கு உனக்கு 10 லட்சத்து 80,000-தான் வரும், இப்போதைக்குக் கவலைப்படாத. அந்தக் கவலை வந்தா எனக்கு ஸ்வீட் வாங்கிட்டு வா.

சம்பளத்துக்கு ஆடி கிடையாது மாப்ள. எங்களுக்கு உண்டு. ஆடியில கல்யாணம் இல்ல, கோயில் கூழு ஊத்துறதை வச்சு ஓட்டுவோம். புரட்டாசி இழுத்துப் பிடிக்கும். ராத்திரி பத்துக்கு மேல காலை ஆறு வரைக்கும் குழாயைத் திறக்கக் கூடாதுன்னு 2000-ல விதி வந்தப்ப, வள்ளி திருமண நாடகம் போட்ட ராத்திரியெல்லாம் போச்சு. அதையும் தாண்டினோம். ஆனா 2020 வந்துச்சு பாரு. அழகர் ஆத்துல இறங்கல. அடுத்த வருஷமும் இறங்கல. சாமிக்கே லாக்டவுன், அப்புறம் மைக்செட்டு எம்புட்டு? அந்த ரெண்டு சித்திரையும் இதே ஸ்டூல்ல உக்காந்து, ஆம்ப்ளிஃபயரைத் தொடைச்சு, திரும்ப மூடி வச்சேன். நீ அப்ப வீட்ல உக்காந்து வேலை பாத்த, முதல் தேதி சம்பளம் வந்துச்சு. பொறாமையில சொல்லல. கொஞ்சம் பொறாமைதான்.

இம்புட்டுக்கும் பெறகும் விடுறதுன்னா, விடுறதுலயாச்சும் கூறு வேணும். இந்தக் கம்பெனியில சேந்து எம்புட்டு நாளாச்சு? நாலு வருஷம், நாலு மாசமா? அட கூறு கெட்டவனே! கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷம் வேணும்னு தெரியாதா? நாலு வருஷம் 240 நாளே போதும்னு ஐகோர்ட்டு சொல்லியிருக்குன்னு வக்கீல் சொல்வாரு, கம்பெனிக்காரன் அஞ்சும்பான், ரெண்டு பேருக்கும் நடுவுல நீ அலையணும். அடிப்படைச் சம்பளம் 40,000-ன்னா, அதை 26-ஆல வகுத்து, 15-ஆல பெருக்கி, அஞ்சு வருஷத்துக்குப் போடு. 1,15,000 சொச்சம். எட்டு மாசம் பல்லைக் கடிச்சா வர்ற காசு. பிஎஃப்பை அஞ்சு வருஷத்துக்குள்ள உருவுனா அதுக்கும் வருமான வரி கேப்பான். எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு பாக்குறியா? நான் மில்லு வேலையை விட்டப்ப நாலு வருஷம் ரெண்டு மாசம். எனக்கு அப்ப எவனும் சொல்லல, நான் எவனையும் கேக்கல.

அப்புறம் அந்த இன்சூரன்ஸ். கம்பெனி அட்டையில உங்கப்பாம்மா பேரும் இருக்குல்ல? நீ வெளிய வர்ற அன்னைக்கு அதுவும் உன்கூட வெளிய வந்துரும். சர்க்கரைக்காரருக்குப் புதுசா பாலிசி எடுத்தா, இருக்கிற நோவுக்குக் காசு தர மூணு வருஷம் வரைக்கும் காக்க வைப்பான். அதனால கடுதாசி குடுக்குறதுக்கு முன்னாடியே, அதே இன்சூரன்ஸ்காரன்கிட்ட தனி பாலிசியா மாத்தித் தரியான்னு எழுத்துல கேளு. ஊர்க் கிழவங்களைப் பாத்துக்கப் போறவன் வீட்டுக் கிழவருக்கு அட்டை இல்லைன்னா, அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாயிரும்.

முதலுக்கு என்ன பண்ணப் போற? இன்போசிஸ் நாராயணமூர்த்தி 10,000 ரூபாயில ஆரம்பிச்சாருன்னு நீயே என்கிட்டச் சொல்லியிருக்க. 1981. அந்த 10,000 யாரு காசு? சம்சாரம் சிறுவாடு சேத்தது. அதைச் சொல்றப்ப மட்டும் எல்லாரும் வெரசாச் சொல்லிட்டுப் போயிர்றீங்க. உன் வீட்டம்மாகிட்டக் கேட்டியா? 'ஓகே'ன்னுச்சா? எப்படி ஓகேன்னுச்சு, முகத்தைப் பாத்தா, போனைப் பாத்தா?

இந்தக் கடை முதல் யாருதுன்னு உனக்குத் தெரியாது. உங்கம்மா சொல்லியிருக்காது. 1984-ல அது கழுத்துல கிடந்த 3 பவுன் செயின்ல வாங்குனதுதான் அந்த முதல் ஆம்ப்ளிஃபயரும் ரெண்டு குழாயும். உங்கப்பாகிட்ட, பழங்காநத்தம் பஸ்ல அந்துருச்சுன்னு சொல்லுச்சு. அவரு போயி தேடுனாரு வேற, பாவம். செயினை நான் மீட்டது 1990-ல. வட்டி கட்டுன காசுக்கு இன்னொரு செயின் வாங்கியிருக்கலாம். காலையில அது அழுததுகூட உன் வேலைக்காக இருக்காது. இப்ப கிடக்கிற செயினை ஒருக்கா தடவிப் பாத்திருக்கும்.

விடாதன்னு நான் சொல்ல முடியுமா? விட்டவன்தான நானும். அந்த டிவிஎஸ் ஃபிப்டி நிக்குது பாரு, அந்தக் கம்பெனிக்கு மூத்தவரு சுந்தரம் அய்யங்கார் என்ன, பொறந்தப்பவே முதலாளியா? வக்கீலா இருந்து, ரயில்வேயில இருந்து, பேங்க்ல இருந்து, எல்லாத்தையும் விட்டுட்டு 1911-ல கம்பெனி வச்சு பஸ்ஸு விட்டவரு. பஸ்ஸு வர்றதை வச்சு ஊர்ல கடிகாரத்தைத் திருத்துவாங்களாம், எங்க தாத்தா சொல்வாரு. படம் போட்டுக் காட்டி வந்த பேரு இல்ல அது, சொன்ன நேரத்துக்கு வந்து நின்னதுல வந்தது.

இன்னொருத்தர் அண்ணாநகர்ல. வெங்கடசாமி டாக்டர். 58 வயசுல கவர்மென்ட் வேலையில ரிட்டையர் ஆகி, 1976-ல 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்குனாரு. காசு இருக்கிறவன்கிட்ட வாங்கி, இல்லாதவனுக்குச் சும்மா பாத்தாரு. அந்தக் கணக்கை இன்னைக்கு வெளிநாட்டுக் காலேஜ்ல பாடமா வச்சிருக்கானாம். நீ ஸ்கேலபிள்ங்கிறது அதுதான். ஆனா அவரு விரலைப் பாத்திருக்கியா? முடக்குவாதத்துல அத்தனையும் கோணிப் போன விரலு. அந்தக் கையால லட்சம் ஆபரேஷனுக்கு மேல செஞ்சவரு. அந்த முதல் ஆள் யாருன்னு கேட்டா அவரு விட்டத்தைப் பாத்திருக்க மாட்டாரு.

அதனால ஒண்ணு செய்யி. எனக்கு இடது கண்ணுல புரை. வர்ற திங்கக்கிழமை அங்கதான் போகணும். காலையில ஆறு மணிக்கு இங்க வந்து நில்லு, லீவைப் போட்டுட்டு. லேப்டாப் வேணாம். சொட்டு மருந்து ஊத்தி உக்கார வச்சா எனக்கு ஒண்ணும் தெரியாது, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். மத்தியானம் வரைக்கும் ஆகும், நான் பேசிக்கிட்டே இருப்பேன், பாதி நீ முன்னாடியே கேட்ட கதையா இருக்கும். வாட்ச்சை உங்கம்மாகிட்டக் கழட்டிக் குடுத்துட்டு வா. உன் கணக்குப்படி ஒரு நாளைக்கு 100 ரூபாதான் வருது, நான் 200 தர்றேன். அட்வான்ஸ் கிடையாது. பாக்கிக்கு ரெண்டு தடவை அலைய விடுவேன், அதையும் பழகிக்க.

இந்தா, டீ வந்துருச்சு. ஆறுறதுக்குள்ள குடி. காசை நீ குடுத்துரு, உனக்கு இன்னும் சம்பளம் வந்துக்கிட்டுத்தான இருக்கு.